கசக்குது எண்டு சொன்னவர்

"அம்புலன்ஸ் எங்க?"

கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே எமிலியானுஸ் கேட்டார். இடைவெளியில் ஒரு கண்ணும் பாதி மீசையும்தான் தெரிந்தன.

"அம்புலன்ஸ் இல்லை, அங்கிள். நான் காரில வந்தனான்."

"நான் கூப்பிட்டா அம்புலன்ஸ் வரும். கூப்பிடாமல் காரில வாறது வேதம் விக்கிறவை. எனக்கு வேண்டாம். நான் பிறவிக் கத்தோலிக்கன்."

"தெரியும் அங்கிள். நான் றோசான்ர மகள், அனோஜினி."

"அப்ப இன்னும் வேண்டாம்."

கதவு சாத்தப்பட்டது.

அனோஜினி பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். கதவு சாத்தியவரைத் திட்டாமல், தான் எங்கே பிழைவிட்டோம் என்று யோசிக்கிற ஆள் அவள். அம்மாவின் பெயரைச் சொன்னது பிழையா, அல்லது அதை இவ்வளவு சீக்கிரம் சொன்னது பிழையா? உள்ளே போனபிறகு சொல்லியிருக்கலாமோ? அது ஏமாற்று ஆகாதோ? யோசித்து முடித்து மறுபடி தட்டினாள்.

அவள் பரமெடிக், அம்புலன்ஸில் வரும் முதலுதவியாள். சில வருடங்களாக மொன்றியல் தெருக்களில் சைரன் வைத்த வண்டியில் ஓடியவள். பனி தொடங்கிய நேரம் அவளைப் புதிய பிரிவொன்றுக்கு மாற்றினார்கள். அங்கே சைரனும் இல்லை, ஸ்ட்ரெச்சரும் இல்லை. அவசர இலக்கமான 911-ஐத் திரும்பத் திரும்ப அழைக்கிற ஆட்களை, அவர்கள் அழைப்பதற்கு முன்பே வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. எடை பார், பிரஷர் பார், மருந்துக் குளிசை ஒழுங்காகப் போகிறதா என்று பார், பிரிட்ஜைத் திறந்து பார். ஏன் கூப்பிடுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் கூப்பிடவேண்டிய தேவை இருக்காது. கேட்பதற்கு அழகாகத்தான் இருந்தது.

எமிலியானுஸ் இலையுதிர்காலத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதயம் பலவீனமான மனிதர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி ஓய்ந்தவர், தனிக்கட்டை. கால் இரண்டும் பஞ்சாகிவிடும், நெஞ்சு படபடக்கும், அம்புலன்ஸ் வரும். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருப்பார்கள், தெளிந்துவிடுவார், வீட்டுக்கு விடுவார்கள். வீட்டுக்கு வந்தால் திரும்பவும் அதே கதை. மருந்தை ஒழுங்காகப் போடுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் நினைத்தார்கள். மாத முடிவில் ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். இந்த மனிதர் தனியே இருக்கக்கூடியவர் அல்ல என்று அதில் முடிவானால் லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லம் காத்திருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே தமிழ் கேட்ட சுவர்கூடக் கிடையாது.

"உங்கள் இருவருக்கும் ஒரே மொழி, ஒரே கோயில். வேறென்ன வேண்டும்?" என்று மேற்பார்வையாளர் நத்தலி கேட்டாள்.

"என் அம்மாவுக்கும் அவருக்கும் ஆகாது" என்று அனோஜினி முறைப்படி சொல்லித்தான் பார்த்தாள்.

"எல்லா அம்மாக்களுக்கும் யாரோ ஒருவரோடு ஆகாது" என்று சிரித்துவிட்டாள் நத்தலி.

அவளுக்கு விளங்கப்படுத்துவது கடினம். பகை தொடங்கியது கோயில் திருநாளில். எமிலியானுஸ் பாடற்குழுவுக்கு ஓர்கன் வாசிப்பவர். நற்கருணைப் பாட்டை றோசா தனியாகப் பாட எழுந்தாள். இரண்டாவது அடியில் எமிலியானுஸ் கையை எடுத்துவிட்டார். கோயில் முழுக்க அமைதி. அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "றோசா ஒரு பக்கம் போறா, சுருதி வேற பக்கம் போகுது. நான் ஆரோட போறது?" என்று கேட்டார். பின்வரிசைப் பெடியள் கொல்லென்று சிரித்தார்கள். மன்னிப்புக் கேட்கச் சொன்னார் பாதர். எமிலியானுஸ் கேட்கவில்லை, கோயிலுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்திய அடுத்த தவக்காலத்தில், உங்களுக்குப் பிடிக்காத ஒருவருக்கு நன்மை செய்யுங்கள், அதுவே மெய்யான ஒறுத்தல், மெய்யான தவம் என்று பாதர் பிரசங்கம் வைத்தார். றோசா யோசிக்கவே இல்லை. மறுநாளே சோறும் கறியும் சமைத்து, காலித் தயிர் டப்பாக்களில் அடைத்து, எமிலியானுஸின் கதவுப்பிடியில் பையோடு கொழுவி, மணியை அடித்துவிட்டுப் படியிறங்கி வந்தாள். ஒரு சொல் பேசவில்லை. தவக்காலம் முடிந்தது. நிறுத்தினால் 'நாற்பது நாள் புண்ணியம்' என்று அந்தாள் நையாண்டி பண்ணும் என்று நிறுத்தவும் முடியவில்லை. இப்போது அடுத்த தவக்காலமும் வந்துவிட்டது. சோறு போய்க்கொண்டிருந்தது. டப்பாக்கள் கழுவாமல் திரும்பி வந்துகொண்டிருந்தன.

இரண்டாவது தரம் தட்டியபோது சங்கிலி கழன்றது.

"உள்ள வா. சப்பாத்தைக் கழட்டு. கொம்மா அதையாவது பழக்கியிருப்பா."

அனோஜினி சப்பாத்தைக் கழற்றினாள். ஒவ்வொன்றாகச் செய்தாள். தராசில் ஏற்றினாள், பிரஷர் பார்த்தாள், கணுக்காலை அமுக்கிப் பார்த்தாள். பார்மசியில் நாளுக்கு நாள் பிரித்துக் கட்டித் தருகிற குளிசை அட்டையைப் பார்த்தாள். ஒரு குளிசைகூடப் பிசகாமல் போட்டிருந்தார். அவளுக்கு அது வியப்பாக இருந்தது.

"என்ன முழிக்கிறாய்? களவாத் துப்பிப்போட்டு வைச்சிருக்கிறன் எண்டு பாத்தியோ?"

"இல்லை அங்கிள். நல்லாப் போட்டிருக்கிறியள்."

"எனக்கு நன்னடத்தைப் பத்திரம் தாறாய். எழுது, லொங்குய்காரருக்கு வடிவா எழுது. ஏத்திறதுக்குத்தானே வந்தனி."

"ஏத்திறதுக்கு வரேல்லை. நீங்கள் இஞ்சயே இருக்கிறதுக்குத்தான் வந்தனான்."

"ஓம் ஓம். ஓநாயும் ஆட்டுக்குட்டியை அப்பிடித்தான் வீட்டிலயே இருக்கச் சொல்லும்."

பிரிட்ஜைத் திறந்தாள். தயிர் டப்பாக்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"சாப்பாடு எப்பிடி அங்கிள்?"

"கசக்குது."

"என்னது?"

"கொம்மான்ர கறி. நாக்கில வைச்சாக் கசக்குது. இரும்பை நக்கின மாதிரி. பாட்டும் அப்பிடி, கறியும் அப்பிடி. நான் அவவின்ர ஒறுத்தல் எண்டு நினைக்கிறா. உண்மையில ஆர் ஆருக்கு ஒறுத்தல் எண்டு கடவுளுக்குத் தெரியும்."

அனோஜினியின் காது சூடேறியது. அம்மா டோர்வலில் விமானச் சாப்பாட்டுக் கூடத்தில் விடிய எழும்பி வேலைக்குப் போய், திரும்பி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இந்த மனிதருக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி வைக்கிறாள். உப்புச் சேர்க்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன செய்தி கோயில்வரைக்கும் பரவியபிறகு, அந்தச் சட்டியில் ஒரு கல் உப்புப் போடுவதில்லை. அவளுக்குத் தெரியும். பார்த்திருக்கிறாள்.

"பிடிக்காட்டிச் சாப்பிடாதைங்கோ."

"சாப்பிடாமல்? செத்தா உங்களுக்குச் சுகம்."

காருக்கு வந்து, கணினியில் பதிந்தாள். மருந்து: ஒழுங்கு. உணவு: உப்பில்லாதது, தெரிந்தவர் சமைத்துத் தருகிறார். குறிப்பு: நோயாளி உணவைக் குறை கூறுகிறார். கடைசி வரியை அழிக்கவா வேண்டாமா என்று யோசித்துவிட்டு அழிக்காமல் விட்டாள்.

அதற்குப் பிறகும் அவள் போனாள். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் ஒரே வேலைகளைச் செய்தாள். அவர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு வசை கண்டுபிடித்தார். ஒரு நாள் அவள் கார்ச் சத்தம் கேட்டதும் தொலைக்காட்சியில் ஹொக்கி ஆட்டத்தின் சத்தத்தைக் கூட்டிவைத்தார், அவள் கேட்கிற எதுவும் காதில் விழவில்லை என்று கையை விரித்தார். இன்னொரு நாள் பிரஷர் பட்டையைச் சுற்றும்போது, "இறுக்கு, இறுக்கு, கொம்மா சொல்லிவிட்டவவோ?" என்றார். கறி கசக்குது என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொன்னார். அனோஜினி அதைக் கேட்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டாள். உள்ளுக்குள், இந்த ஆளை லொங்குய்க்கு அனுப்பினால்தான் என்ன என்ற எண்ணம் ஒருதரம் வந்தது. வந்ததற்காக அன்று முழுக்கத் தன்னையே நொந்துகொண்டாள்.

பனி உருகத் தொடங்கிய ஒரு மத்தியானம், அவள் தட்டியபோது வசை வரவில்லை. கதவு பூட்டியிருக்கவும் இல்லை. எமிலியானுஸ் கதிரையில் சரிந்து கிடந்தார்.

"கால் வரேல்லை, பிள்ளை."

பிள்ளை என்று கூப்பிட்டதே அவளைப் பயமுறுத்திவிட்டது. நாடி மெல்லமாக, விட்டுவிட்டு அடித்தது. நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். கடதாசியில் இதயத்தின் கோடு வழக்கம்போல வளைந்து வராமல் ஊசிக் கோபுரம் போலக் கூர்ந்து வந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்குமேல் ஏறினால் அப்படித்தான் வரும். இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும். இந்த முறை அவளே அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

வந்தவன் அவளோடு முன்பு ஓடிய மத்தியூ. "திரும்பவும் இவரா? இனி இவருக்கு பஸ்ஸுக்குப் போல மாதச் சீட்டு அடித்துக் கொடுக்கலாம்" என்று பிரெஞ்சில் பகிடி விட்டான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த எமிலியானுஸ் கண்ணைத் திறக்காமலே பிரெஞ்சில் அவனுடைய தகப்பனைப் பற்றி ஒரு சொல் சொன்னார். மத்தியூ பகிடியை விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சர் பட்டியை இறுக்கினான்.

"அவருடைய சுகாதாரக் கார்டை எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறேன்" என்றாள் அனோஜினி.

கார்ட் குசினி மேசையில் கிடந்தது. பக்கத்தில் திறந்தபடி ஒரு தயிர் டப்பா, பாதி மீன்குழம்பு. அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அம்மாவின் மீன்குழம்பு. யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில் ஒரு கரண்டியை எடுத்து வாயில் வைத்தாள்.

கசந்தது.

முதலில் புளி, பிறகு உறைப்பு, அதற்கெல்லாம் அடியில், நாக்கின் ஓரத்தில், இரும்பை நக்கியது போல ஒரு கசப்பு. வீட்டில் இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி அவள் அந்தக் குசினியில் நின்றாள். இந்த மனிதர் ஒவ்வொரு முறையும் சொன்னார். அவளும் ஒவ்வொரு முறையும் அதை அம்மாவுக்கு விழுந்த அடி என்றே எடுத்துக்கொண்டாள். ஒரு நோயாளி நாக்கில் வித்தியாசம் தெரிகிறது என்று சொன்னால் எந்தப் பரமெடிக்கும் கேட்கிற முதல் கேள்வியை, அதில் என்ன போட்டிருக்கிறது என்பதை, அவள் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கார்டைக் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். றோசா வேலையால் வந்து, காலைச் சுடுநீரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தச் சின்னச் சட்டிக்கு என்ன போடுறனீங்கள்?"

"ஏன், என்னவாம் அந்தாள்?"

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான் கேக்கிறன். உப்புப் போடுறேல்லைதானே?"

"ஒரு கல் போடுறேல்லை. என்ர பிள்ளை சாட்சி." றோசாவின் முகத்தில் பெருமை வந்தது. ஈரக்காலோடு எழுந்து அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். "உப்பில்லாமல் ஆரடி தின்னுறது? அதுதான் பார்மசியில கேட்டு இந்தப் போத்தலை வாங்கினனான். உப்பு மாதிரி, ஆனா உப்பில்லை. சோடியம் இல்லை எண்டு முன்னுக்குப் பெரிசாப் போட்டிருக்குப் பார். வாயில கொஞ்சம் மந்தமா இருக்கெண்டு இரண்டு கரண்டி கூடவே போடுறனான். நாளைக்கு, றோசா உப்பைப் போட்டு அந்தாளைச் சாகடிச்சவள் எண்டு ஒருத்தரும் என்னைச் சொல்லக்கூடாது."

அனோஜினி போத்தலைத் திருப்பினாள். பின்பக்கத்தில், எறும்பு எழுத்தில், பொட்டாசியம் குளோரைட் என்று இருந்தது. அதற்குக் கீழே, இதய மருந்தோ சிறுநீரக மருந்தோ எடுப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது என்றும் இருந்தது. எமிலியானுஸின் அட்டையில் இருக்கிற குளிசைகளில் இரண்டு, பொட்டாசியத்தை உடம்பைவிட்டுப் போகவிடாமல் பிடித்துவைப்பவை. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் இந்தப் போத்தல் இல்லை, தெளிந்துவிடுவார். வீட்டுக்கு வந்தால் மீன்குழம்பு.

பொட்டாசியம் ஏறியதற்கு இதுவரை டொக்டர்மார் சிறுநீரகத்திலும் குளிசையிலும்தான் பழி போட்டார்கள். வாழைப்பழம் சாப்பிடுகிறீரா, தக்காளி சாப்பிடுகிறீரா என்று கேட்டார்கள். யார் சமைப்பது என்றும் கேட்டிருக்கிறார்கள். 'நானே' என்று சொல்லிவிட்டார் எமிலியானுஸ். றோசாவின் ஒறுத்தலைத் தின்று உயிர்வாழ்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. அனோஜினிக்கு யார் சமைப்பது என்று தெரியும். 'உப்பில்லாதது' என்று பதிந்து அந்தக் கதவை அவளே சாத்தியும்விட்டாள்.

"அம்மா, இனி இதைப் போடாதைங்கோ. ஒருத்தருக்கும் போடாதைங்கோ."

"ஏன்?"

"இதய வருத்தக்காரருக்குக் கூடாது. போத்தலிலயே எழுதிக்கிடக்கு."

றோசா போத்தலைப் பறித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு குரல் மெல்ல ஏறியது. "அப்ப நான் நஞ்சு வைச்சனான் எண்டு சொல்லுறாய்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேறென்ன சொல்லுறாய்? உதுக்கே அம்புலன்ஸ் உத்தியோகம் பாக்கிறாய், பெத்தவளைப் பிடிக்கிறதுக்கே? ஆஸ்பத்திரிக்குச் சொல்லிப்போட்டியோ?"

"சொல்லத்தான் வேணும், அம்மா."

"என்ர பேரையும்?"

அனோஜினி போத்தலை வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். றோசா சுடுநீர்ச் சட்டியைக் கவிழ்த்து ஊற்றினாள். "சொல்லு. நல்லாச் சொல்லு. இனி ஒரு பருக்கை என்ர கையால அந்த வீட்டுக்குப் போகாது. அந்தாள் லொங்குய்க்குப் போனால் என்ன, நரகத்துக்குப் போனால் என்ன?"

அந்தப் பின்னேரமே அனோஜினி ஆஸ்பத்திரி டொக்டருக்குத் தொலைபேசியில் சொன்னாள். நத்தலிக்கும் சொன்னாள். சமைத்தது தன் தாய் என்பதையும், அந்தக் கேள்வியைத் தான் கேட்காமல் விட்டதையும் மறைக்கவில்லை. நத்தலி, "கூட்டத்தை வருகிற செவ்வாய்க்கிழமைக்கே முன்கூட்டி வைத்துவிட்டார்கள். அவருக்கு ஒழுங்காகச் சமைத்துத் தர ஓர் ஆள் இருந்தால் தப்பலாம். இல்லையென்றால் லொங்குய்தான்" என்றாள்.

அடுத்தநாள் வார்டுக்குப் போனாள். எமிலியானுஸ் தலையணையில் நிமிர்ந்திருந்தார். தட்டில் வெள்ளை நிறத்தில் ஏதோ ஒரு கூழ் தொடாமல் இருந்தது.

"வா, வா. எப்ப வண்டி?"

"லொங்குய் இல்லை அங்கிள். வேற ஒண்டு சொல்லவேணும்." எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். போத்தல், குளிசை, மீன்குழம்பு, தான் ருசி பார்த்தது.

அவர் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். முடிந்ததும் கேட்டார்: "நான் என்ன சொன்னனான்?"

"கசக்குது எண்டு."

"எத்தினை தரம்?"

"வந்த ஒவ்வொரு முறையும்."

"நீ என்ன எழுதினனி?"

பொய் சொல்ல வரவில்லை. "நோயாளி உணவைக் குறை கூறுகிறார் எண்டு."

எமிலியானுஸ் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. இருமல் வருமட்டும் சிரித்தார். "ஞாயிறு கோயிலுக்கு வாறன். மைக் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். றோசா எனக்குக் கறியில என்ன போட்டவ எண்டு சனத்துக்குச் சொல்லவேணும். சுருதி சுத்தமாச் சொல்லுவன்."

அனோஜினிக்குக் கெஞ்சல் வாய்வரை வந்தது. கெஞ்சினால் அவள் றோசாவின் மகள் மட்டும்தான், பரமெடிக் அல்ல. "அது உங்கட விருப்பம். ஆனா செவ்வாய்க்கிழமை கூட்டம். ஆர் சமைக்கிறது எண்டு கேப்பினம். 'நானே' எண்டு சொல்ல ஏலாது, நான் அங்க இருப்பன்."

"வேற ஆளைப் பிடி."

"வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தாற ஆக்கள் இருக்கினம். உது மாதிரித்தான் இருக்கும்." தட்டைக் காட்டினாள்.

அவர் தட்டைப் பார்த்தார். "உதைத் தின்னுறதுக்கு நான் லொங்குய்க்கே போகலாம்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "கொம்மா வரமாட்டா" என்றார்.

"வரமாட்டாவாம்."

"வந்தாலும் நான் திறக்கமாட்டன்."

சனிக்கிழமை அவரை வீட்டுக்கு விட்டார்கள். அனோஜினி மாடிப்படி ஏற்றிக் கொண்டுவந்து, கதிரையில் இருத்தி, எடை பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. வழக்கமாக மணி அடித்தால் காலடி ஓசை இறங்கிப் போகும். இன்று போகவில்லை. எமிலியானுஸ் தானே தடுமாறி எழும்பிப் போய், சங்கிலியை மாட்டிவிட்டுக் கதவைத் திறந்தார்.

"சங்கிலியைக் கழட்டுங்கோ. சட்டி சுடுது." றோசாவின் குரல்.

"நஞ்சு ஆறினாப் பிறகு வா."

"எனக்குத் தெரியும் நீங்கள் நாளைக்கு மைக்கைப் பிடிப்பீங்கள் எண்டு. இந்தப் பிள்ளை சொல்லேல்லை, அவள் வாய் திறக்கமாட்டாள். உங்களை எனக்குத் தெரியும். பிடியுங்கோ. ஆனா என்ர சாப்பாட்டால ஊரைவிட்டுப் போனவர் எண்டு ஒரு கதை எனக்கு வேண்டாம். கழட்டுங்கோ!"

மேல்மாடியில் யாரோ கதவு திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது. எமிலியானுஸுக்கும் அது கேட்டிருக்கவேண்டும். சங்கிலி கழன்றது.

றோசா சட்டியைச் சேலைத்தலைப்பால் பிடித்து வந்து மேசையில் வைத்தாள். மகளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. சோறு போட்டாள், குழம்பை ஊற்றினாள், சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் தள்ளினாள்.

"தின்னுங்கோ."

"முதல் நீ தின்."

"என்ன?"

"நீ தின். பேந்து நான் தின்னுறன்."

றோசா அவரை முறைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அவருடைய கோப்பையிலேயே கையை வைத்து, ஒரு பெரிய கவளமாகக் குழைத்து வாயில் போட்டு, வாயைத் திறந்து காட்டி விழுங்கினாள். எமிலியானுஸ் அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இன்னொரு கோப்பையில் சோறும் குழம்பும் போட்டு, அவளுக்கு எதிரே இருந்து ஒரு வாய் வைத்தார்.

"உப்பில்லை."

"அது டொக்டர் சொன்னது."

"புளி கூட."

"அது என்ர கை."

"பாட்டு மாதிரித்தான். ஒண்டில் கூட, ஒண்டில் குறைய."

அனோஜினி பிரஷர் பட்டையை மடித்து மடித்து, மடித்ததையே திரும்பவும் மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா சட்டியைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தாள். றோசா எறியவில்லை. கையில் சோற்றோடு கேட்டாள்.

"ஏன் நிப்பாட்டினனீங்கள்?"

"என்னத்தை?"

"பாதியில ஏன் கையை எடுத்தனீங்கள்?"

"நீ பிழையாப் பாடினனி."

"பாடினனான். பிழையாத்தான் பாடினனான். எனக்கு மட்டும் காது இல்லையோ? பாடுறவள் பிழையாப் பாடினாலும் முடியும்வரைக்கும் வாசிக்கிறதுதான் வாசிக்கிறவற்ற வேலை."

எமிலியானுஸ் கோப்பையைக் குனிந்து பார்த்துச் சாப்பிட்டார். றோசா கையை உதறிக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

"இரு" என்றார், நிமிராமல். "பாதியில எழும்பாதே. நான் முடியும்வரைக்கும் நீயும் தின். அடியில என்ன போட்டிருக்கிறியோ ஆருக்குத் தெரியும்?"

"என்ர தலைவிதி" என்றாள் றோசா. ஆனால் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. "கால் இன்னும் சரியில்லை. அடுத்த கிழமை பாப்பம்" என்று அனோஜினியிடம் சொன்னார், றோசாவின் காதுக்குப் போகட்டும் என்று.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சமூகசேவைக்காரி அதே கேள்வியைத்தான் கேட்டாள். யார் சமைப்பது? எமிலியானுஸ் தமிழில் பதில் சொன்னார்: "என்ர எதிரி." அனோஜினி, "கோயிலில் தெரிந்த ஒருவர்" என்று பிரெஞ்சில் மாற்றிச் சொன்னாள். "எனக்குப் பிரெஞ்சு தெரியும். பிழையா மொழிபெயர்க்காதே" என்று அவளைத் தள்ளிவிட்டு, அவரே விமான நிலையத்துப் பிரெஞ்சில் திருத்தினார். என் எதிரி சமைக்கிறாள். என் முன்னால் இருந்து அவளும் சாப்பிடுகிறாள். அதைவிடப் பாதுகாப்பான சாப்பாடு இந்த மாகாணத்தில் எனக்குக் கிடையாது. சமூகசேவைக்காரி பேனையை வைத்துவிட்டுச் சிரித்தாள். கோடை முடியும்வரை பார்ப்போம், அதுவரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

வசந்தம் வந்த பிறகும் அனோஜினி அங்கே போய்வந்தாள். தெருவில் காரை நிறுத்தும்போதே மாடி யன்னலால் சத்தம் கேட்கும். "இது மீனோ, செருப்போ?" "பல்லிருந்தாத்தானே தெரியும்!" 911-க்கு அந்த இலக்கத்திலிருந்து அழைப்பு வருவதில்லை. வந்தால் இனி அடிபாட்டுக்காகத்தான் வரும் என்று மத்தியூ பகிடி விட்டான்.

வீட்டில்தான் சத்தம் இல்லை. றோசா மகளோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக் கணினியில் தன் பெயர் ஏறியதை அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற எண்ணமும் தெரியவில்லை. அனோஜினி வேலையால் வரும்போது மேசையில் சாப்பாடு மூடியிருக்கும். ஒரு நாள் மூடியைத் திறந்தால், சோற்றுக்குப் பக்கத்தில் வீட்டு உப்புப் போத்தலும் ஒரு கரண்டியும் இருந்தன. றோசா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"உப்புப் போடேல்லை. உனக்கு வேண்டிய அளவை நீயே போடு. பேந்து என்னைப் பிடிச்சுக்குடுக்காதே."

எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சொல் அதுதான். அனோஜினி கரண்டியை எடுத்தாள். எவ்வளவு போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அம்மா போட்ட உப்பு. கேட்கலாமா என்று அந்த முதுகைப் பார்த்தாள். கேட்காமல் போட்டுக் குழைத்தாள்.

உப்புக் கூடிவிட்டது. தண்ணீரைக் குடித்துக் குடித்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள்.